மகளுக்கு மகாதமனியில் சுருக்கம்: எக்கோ எடுத்த பிறகும் சி.டி. ஸ்கேன் எதற்கு?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்தபோது பி.பி. 164/96 இருந்திருக்கிறது. பயத்தில் ஏறியிருக்கும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பிறகு அடிக்கடி தலைவலி, சைக்கிள் மிதித்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லவே ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். அவர் கையில் மட்டும் பார்க்காமல் காலிலும் பி.பி. பார்த்தார். கையில் 160ஐத் தாண்டியது காலில் 112தான் இருந்தது. தொடை இடுக்கில் நாடித்துடிப்பும் சரியாகக் கிடைக்கவில்லை. ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார். 'மகாதமனியின் இறங்கு பகுதியில் சுருக்கம் இருக்கலாம், மகாதமனி வால்வு இரண்டு இதழ் கொண்டது, சி.டி. அயோர்ட்டோகிராம் எடுத்து உறுதிசெய்யவும்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மகாதமனி என்பது இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். ஊசி வழியாக மருந்து ஏற்றி அதைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் அயோர்ட்டோகிராம்.

இப்போது வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சி.டி. எடுத்தால் கதிர்வீச்சு கர்ப்பப்பையைப் பாதிக்கும் என்கிறார் மாமியார். எம்.ஆர்.ஐ.தான் பெரிய ஸ்கேன், அதையே எடுங்கள் என்கிறார் மைத்துனர். எப்படியும் ஆஞ்சியோ செய்யப்போகிறார்கள், நடுவில் இது எதற்கு என்கிறார் கணவர். ஐந்தாம் மாத ஸ்கேனில் 'எல்லாம் நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்களே, அவர்கள் மீது வழக்குப் போடலாமா என்று தம்பி கேட்கிறார். மகளுக்கு இறால் சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வரும், ஸ்கேனுக்குப் போடும் மருந்து ஒத்துக்கொள்ளுமா என்பது இவருடைய கவலை. மாத்திரையிலேயே பி.பி.யைக் குறைத்துக்கொண்டு பரீட்சை, கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

குழந்தைகளின் இதய, ரத்தக்குழாய் ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அம்மா, முதலில் உங்கள் மகளின் காலில் பி.பி. பார்த்த அந்த மருத்துவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோயைப் பாதி கண்டுபிடித்தவர் அவர்தான். நல்ல உடம்பில் காலின் மேல் அளவு பி.பி. கையில் இருப்பதற்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோதான் இருக்கும். கையில் 160, காலில் 112 என்றால் நடுவில் எங்கோ வழி குறுகியிருக்கிறது. பயத்தில் ஏறும் பி.பி. கைக்கும் காலுக்கும் இப்படி 50 வித்தியாசம் காட்டாது. அடுத்த முறை போகும்போது இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் பார்க்கச் சொல்லுங்கள். இடது கைக்கு ரத்தம் போகும் குழாய் சுருக்கத்தை ஒட்டியே பிரிவதால், சிலருக்கு இடது கையிலும் குறைவாகக் காட்டும். நம்ப வேண்டியது வலது கை அளவைத்தான்.

மகாதமனி இதயத்திலிருந்து மேலே கிளம்பி, கழுத்தடியில் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் அந்த வளைவில் பிரிகின்றன. இடது கைக்குப் போகும் கிளையைத் தாண்டிய உடனே இருக்கிற இடத்தில்தான் பிறவிச் சுருக்கம் வழக்கமாக வரும். அதனால்தான் மேலே தலைவலியும் கீழே கால் இழுப்பும். மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இதழ் உள்ள வால்வும் இதோடு சேர்ந்தே வருவது வழக்கம். இந்தச் சுருக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில கணக்குகளில் அதற்கும் மேல், வால்வு அப்படித்தான் இருக்கும்.

எக்கோ எங்கே நின்றுபோகிறது

எக்கோ நல்ல கருவி. வால்வு, இதயச் சுவரின் தடிமன், இதயம் அழுத்தும் பலம் எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் பரிசோதனை. ஆனால் ஒலி அலை எலும்பையும் காற்றையும் தாண்டிப் போகாது. கைக்குழந்தையின் சின்ன நெஞ்சில் மகாதமனி வளைவு பெரும்பாலும் நன்றாகத் தெரிந்துவிடும். 15 வயதுப் பெண்ணுக்கு நெஞ்சு வளர்ந்து, நுரையீரல் குறுக்கே வந்திருக்கும். சுருக்கம் இருக்கும் இடம் ஆழத்தில் மங்கிவிடும். ரிப்போர்ட்டில் 'இருக்கலாம்' என்று எழுதியவர் தன் வேலையை நேர்மையாகச் செய்திருக்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எக்கோ ரிப்போர்ட்டில் 'கிரேடியன்ட் 40' என்று ஓர் எண் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சுருக்கத்துக்கு மேலும் கீழும் அழுத்தம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று, ரத்தம் பாயும் வேகத்தை வைத்துப் போடும் கணக்கு அது. மெயின் ரோடு அடைபட்டால் வண்டிகள் சந்து வழியாகப் போவதுபோல, பல வருடம் சுருக்கம் இருந்தால் விலா எலும்புகளை ஒட்டிய சின்னக் குழாய்கள் பெருத்து, ரத்தத்தைச் சுற்றுவழியில் கீழே கொண்டுபோகும். சுற்றுவழி நிறைய இருந்தால் இந்த எண் குறைந்துகூடக் காட்டும். ஆனால் சுருக்கம் கடுமையாகவே இருக்கும். எனவே அந்த 40ஐ மட்டும் வைத்து 'பரவாயில்லை' என்றோ 'ஆபத்து' என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள்.

போன வருடம் இருமலுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே நார்மல் என்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தை எடுத்து வையுங்கள். பெருத்த சுற்றுவழிக் குழாய்கள் விலா எலும்பின் கீழ் விளிம்பை நாளடைவில் அரித்து, சின்னச் சின்னப் பள்ளங்களை உண்டாக்கும். நான்காவது முதல் எட்டாவது விலா வரை அதைத் தேடிப் பார்ப்போம். சளி இருக்கிறதா என்று நுரையீரலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாமல் போவது சகஜம். பழைய எக்ஸ்ரேயில் அது இருந்தால், சுருக்கம் நேற்று இன்று வந்ததில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

சி.டி.யில் நான் என்ன தேடுவேன்

சுருக்கம் எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு நீளம், அதற்கு மேலே உள்ள வளைவும் ஒல்லியாக இருக்கிறதா, சுருக்கத்துக்குக் கீழே குழாய் வீங்கியிருக்கிறதா, கைக்குப் போகும் கிளை எவ்வளவு அருகில் பிரிகிறது, சுற்றுவழிகள் எத்தனை. இவற்றை ஒவ்வொன்றாக அளப்போம். படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பி, குழாய்க்குச் சரியாகக் குறுக்கே வெட்டித்தான் அளக்க வேண்டும். சாய்வாக அளந்தால் எண் தப்பாகிவிடும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மட்டத்தில் மகாதமனி எவ்வளவு அகலம் என்பதையும் அளந்து ஒப்பிடுவோம். சுருங்கிய இடம் அதில் பாதிக்கும் குறைவு, பி.பி.யும் அதிகம் என்றால், கிரேடியன்ட் எண் எப்படியிருந்தாலும் சிகிச்சையைப் பற்றி யோசித்தாக வேண்டும்.

இதைவிடவும் முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. உங்கள் கடிதத்தில் யாருமே அதைக் கேட்கவில்லை. இது பிறவிச் சுருக்கம்தானா?

நம் நாட்டில் இளம்பெண்களுக்கு மகாதமனிச் சுவரில் அழற்சி வந்து குழாய் சுருங்கும் ஒரு நோய் உண்டு. தகயாசு நோய் என்பார்கள். 1908-ல் அதை எடுத்துச் சொன்ன ஜப்பானியக் கண் மருத்துவரின் பெயர் அது. அதிலும் கை, கால் பி.பி. வித்தியாசப்படும், தலைவலி வரும், நாடி கிடைக்காது. ஆனால் சிகிச்சையின் வரிசையே வேறு. அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலை) வைத்தால் மறுபடி சுருங்கிவிடும் ஆபத்து அதிகம். முதலில் மருந்து கொடுத்து அழற்சியை அடக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து இதை ஒதுக்கிவிட முடியாது. சி.டி.யில் குழாயின் உள்வழி மட்டுமல்லாமல் சுவரும் தெரியும். சுவர் தடித்திருக்கிறதா, வயிற்றுப் பகுதியிலும் சிறுநீரகக் குழாய்களிலும் சுருக்கம் உண்டா என்று பார்த்துவிடலாம். இரண்டு இதழ் வால்வு இருப்பதால் பிறவிக் குறை என்ற பக்கமே என் மனம் சாய்கிறது. இருந்தாலும் படத்தைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்கேன் எடுக்குமிடத்தில் 'நெஞ்சோடு நிறுத்தாமல் வயிற்று மகாதமனி வரை எடுப்பீர்களா' என்று கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் மருத்துவரே அப்படித்தான் எழுதியிருப்பார்.

கதிர்வீச்சும் இறாலும்

மாமியாரின் பயம் நியாயமானதுதான். சின்ன வயதில் தேவையில்லாமல் ஒரு சி.டி.கூட எடுக்கக்கூடாது என்பதே எங்கள் துறையின் கொள்கையும். ஆனால் அளவைத் தெரிந்துகொண்டு பயப்படலாம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லோருக்கும் இயற்கையாகவே வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. நவீன கருவியில், உங்கள் மகளின் எடைக்கேற்பக் குறைத்து எடுத்தால், இந்த ஸ்கேன் பெரும்பாலும் சில மில்லிசீவர்ட்டுக்குள் முடிந்துவிடும். பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பை இது மிக மிகச் சிறிதளவு கூட்டக்கூடும். அதை மறைக்க மாட்டேன். கர்ப்பப்பை, கருமுட்டை விஷயம் வேறு. கருமுட்டைகள் கெட்டுப்போகத் தேவைப்படும் அளவில் நூறில் ஒரு பங்குகூட இந்த ஸ்கேனில் அங்கே போய்ச் சேராது. கல்யாணம், குழந்தை என்று பயந்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். சரிசெய்யாத சுருக்கத்தோடு ஒரு பெண் கர்ப்பமாவதுதான் உண்மையான ஆபத்து.

இறாலுக்கும் ஸ்கேன் மருந்துக்கும் சம்பந்தம் கிடையாது. கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் இருக்கிறது, கடல் உணவிலும் இருக்கிறது, அதனால் ஒத்துக்கொள்ளாது என்று பலகாலமாக ஒரு பேச்சு உண்டு. இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள புரதம். எந்த அலர்ஜி இருந்தாலும், ஆஸ்துமா இருந்தாலும், முன்னால் ஸ்கேன் மருந்து போட்டு ஏதாவது ஆகியிருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தயாராக இருப்பார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்பதை மகளிடம் முன்பே சொல்லுங்கள். சில மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். கையில் வென்ஃப்ளான் ஊசி போடுவார்கள். முடிந்தால் வலது கையில் போடச் சொல்லுங்கள். இடது கையில் போட்டால் அடர்த்தியான மருந்து வளைவுக்கு முன்னால் குறுக்கே ஓடி, நாம் பார்க்க வேண்டிய இடத்திலேயே கோடு கோடாக மறைக்கும். மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை குபீரென்று சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும், போயிருக்காது. 'மூச்சை இழுத்துப் பிடி' என்பார்கள், சில விநாடிகளில் முடிந்துவிடும். உள்ளே போகுமுன் மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்று கேட்பார்கள். வயதுப் பெண்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது, கோபப்பட வேண்டாம்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி

'அவள் இன்னும் வயசுக்கு வரவில்லை, வகுப்பிலேயே குட்டையாக இருப்பாள், அதுவும் எங்களுக்கு ஒரு கவலை' என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதை வேறொரு கவலையாக நினைத்திருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் நெடுநேரம் நின்றேன். 15 வயதாகியும் பூப்படையாதது, உயரம் குறைவு, மகாதமனிச் சுருக்கம், இரண்டு இதழ் வால்வு. இவை நான்கும் ஒரே பெண்ணிடம் இருந்தால் டர்னர் சின்ட்ரோம் என்ற குரோமோசோம் மாறுபாடு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பெண்களுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பாதியாகவோ இல்லாத நிலை அது. 'கேரியோடைப்' என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. குடும்பத்திலேயே உயரம் குறைவாக இருக்கலாம், பூப்படைதல் தாமதமாவதும் சில வீட்டில் வழக்கம். ஆனால் இருந்தால் பல முடிவுகள் மாறும். மகாதமனியின் அகலத்தை உயரத்துக்கேற்பக் கணக்கிட வேண்டும். மற்றவர்களுக்கு நார்மலாகத் தெரியும் அளவு, குட்டையான பெண்ணுக்கு வீக்கமாக இருக்கலாம். குழாய்ச் சுவர் மென்மையாக இருப்பதால் ஸ்டென்ட் வைப்பவர் அதற்கேற்ற வகையைத் தேர்ந்தெடுப்பார். உயரத்துக்கும் பூப்படைவதற்கும் ஹார்மோன் சிகிச்சையை நேரத்தோடு தொடங்கலாம். எனவே இந்த வரியை உங்கள் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தபோது நீங்கள் விரதமிருந்ததோ, கிரகணத்தன்று வெளியே போனதோ இதற்குக் காரணமில்லை.

எம்.ஆர்.ஐ.யா, நேராக ஆஞ்சியோவா?

மைத்துனர் சொன்னதில் பாதி சரி. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. சுற்றுவழியில் எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக்கூட அளக்கலாம். 15 வயதுப் பெண் மயக்க மருந்து இல்லாமலே படுத்திருப்பாள். ஆனால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். திரும்பத் திரும்ப மூச்சைப் பிடிக்க வேண்டும். அதைவிட, இதய எம்.ஆர்.ஐ. எடுத்துப் பழகியவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. முதுகு வலிக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. மிஷின் இருந்தால் மட்டும் போதாது. அப்படிப்பட்ட மையத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குள் தேதி கிடைத்தால், மருத்துவரிடம் பேசிவிட்டுத் தாராளமாக எடுங்கள். கிடைக்காவிட்டால் சி.டி.க்கே போங்கள் என்பதுதான் என் கருத்து. எம்.ஆர்.ஐ.யின் அருமை சிகிச்சைக்குப் பின்தான் முழுதாகத் தெரியும். ஆயுள் முழுக்கச் சில வருடத்துக்கு ஒருமுறை படம் பார்க்க வேண்டியிருக்கும். கதிர்வீச்சைச் சேமிக்க அப்போது அது கைகொடுக்கும். ஸ்டென்ட் வைத்துவிட்டால் அதன் உலோகம் எம்.ஆர்.ஐ. படத்தை மறைக்கும், அங்கே திரும்பவும் சி.டி. வேண்டியிருக்கும்.

கணவர் சொல்வதைப் பற்றி: ஆஞ்சியோ என்பது தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டுச் செய்வது. அதிலும் கதிர்வீச்சு உண்டு. இன்றைக்கு அது பெரும்பாலும் சிகிச்சையோடு சேர்த்துத்தான் செய்யப்படுகிறது. சுருக்கத்தின் மேலும் கீழும் அழுத்தத்தை நேரடியாக அளந்து, 20 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதே மேஜையிலேயே பலூனோ ஸ்டென்ட்டோ வைத்து விரிப்பார்கள். எந்த அளவு ஸ்டென்ட், வளைவும் ஒல்லியாக இருந்தால் அறுவை சிகிச்சையே மேலா என்பதையெல்லாம் மேஜையில் படுக்க வைத்த பிறகு யோசிக்கக்கூடாது. அதற்குத்தான் முன்னால் சி.டி. ஆகவே ஒரே வேலையை இரண்டு முறை செய்வதாக நினைக்க வேண்டாம்.

ஐந்தாம் மாத ஸ்கேன் தப்பா?

கருவில் குழந்தையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. அங்கே போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி 'டக்டஸ்' என்ற இணைப்புக் குழாய் வழியாக மகாதமனியின் இறங்கு பகுதிக்கு வந்துவிடும். சுருக்கம் வரக்கூடிய அந்த இடத்தை அப்போது சிறு பங்கு ரத்தமே கடக்கிறது. பிறந்து சில நாட்களில் டக்டஸ் மூடிக்கொள்ளும்போதுதான் பலருக்குச் சுருக்கமே வெளிப்படுகிறது. கருவிலேயே கண்டுபிடிக்க மிகக் கடினமான இதயக் குறைகளில் இது ஒன்று. 15 வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் இது இல்லை என்பதாலேயே அங்கே அலட்சியம் நடந்தது என்று சொல்ல முடியாது. தம்பிக்கு வழக்கு எண்ணம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்கட்டும். ஆனால் அந்த அலைச்சலுக்குச் செலவாகும் நேரம் இப்போது மகளுக்குத் தேவைப்படுகிறது.

உங்களுக்குள்ள வேறோர் உரிமையைப் பயன்படுத்துங்கள். மருத்துவப் பதிவுகளின் நகலை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. சி.டி. எடுத்ததும் ஃபிலிம் மட்டும் வாங்கி வராமல் 'டைகாம்' படங்கள் அடங்கிய டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் வைத்து இன்னொருவரால் திரும்ப அளக்க முடியாது, அதில் முடியும். மறுபடி ஸ்கேன் எடுக்கும் அவசியமும் குறையும்.

தள்ளிப்போடலாமா?

வேண்டாம். இன்றோ நாளையோ என்ற அவசரம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் முடிக்க வேண்டிய வேலை இது. மாத்திரை மேலே உள்ள பி.பி.யைக் கொஞ்சம் குறைக்கும், சுருக்கத்தை விரிக்காது. ரொம்பவும் குறைத்தால் சுருக்கத்துக்குக் கீழே சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் போகலாம். சில வகை பி.பி. மாத்திரைகளில் இந்த ஆபத்து கூடுதல் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிகிச்சை முடியும்வரை பளு தூக்குவது, கபடி, வேகமாக ஓடும் போட்டி எதுவும் வேண்டாம். பள்ளிக்குப் போகலாம், நடக்கலாம், பரீட்சை எழுதலாம். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் வலி, மயக்கம், பார்வை மங்கல், மூச்சிரைப்பு வந்தால் 108ஐ அழைத்துவிடுங்கள்.

செலவுக்கு வருகிறேன். பள்ளி மருத்துவக் குழுவின் பரிந்துரைச் சீட்டு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்குப் போங்கள். 18 வயது வரை உள்ள பிள்ளைகளின் பிறவிக் குறைகளை மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு அட்டையைக் காட்டிக் கேளுங்கள். கட்டிவிட்ட பிறகு திரும்ப வாங்குவது கஷ்டம்.

இவ்வளவு பேர் பேசுகிற வீட்டில் மகள் என்ன சொன்னாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. 15 வயதுப் பெண்ணுக்குத் தன் உடம்பில் என்ன என்று தெரிய வேண்டும். எக்கோ ரிப்போர்ட்டை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், புரியாததை மருத்துவரிடம் அவளே கேட்கட்டும். கேரியோடைப் பரிசோதனை பற்றி மட்டும் மருத்துவர் முன்னிலையில், நீங்களும் அவளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது பேசுவது நல்லது. சொந்தக்காரர்கள் யாரிடம் எதைச் சொல்வது என்பதை அவளையும் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் கைக்கு வந்ததும், பழைய எக்ஸ்ரேயின் விவரத்தோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.